முதல் படை: ரோமரா, பாண்டியரா?

கேள்வி: பண்டைக்காலப் போர்களை மேசைமேல் சின்ன பொம்மை வீரர்களை வைத்து ஆடும் வார்கேம் மீது எனக்கும் தம்பிக்கும் ஆசை வந்திருக்கிறது. ஊரில் இதை ஆடுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. தம்பி ரோமானியப் படை வேண்டும் என்கிறான். எனக்குக் குதிரை வில்லாளிகள்மேல் ஆசை. செலவும் கைக்குள் இருக்க வேண்டும். எதில் தொடங்கலாம்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: பாண்டியர் படையில் தொடங்குங்கள். ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. கூட ஆட வேறு ஆள் இல்லாத ஊரில் எதிரிப் படையையும் நீங்களேதான் செய்தாக வேண்டும். ரோமர் தொடக்கக்காரருக்கு நல்ல படைதான். ஆனால் அவர்களுக்கு எதிரே பார்த்தியரையோ கார்த்தேஜியரையோ தனியாக வாங்க வேண்டிவரும். பாண்டியருக்கு எதிரி சோழர், சேரர். ஆயுதம், உடை, யானை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஒரே வகைப் பொம்மைகளை இரண்டு பங்காக வாங்கி, கொடியையும் பூவையும் மாற்றினால் போதும்: பாண்டியருக்கு மீன்கொடி, வேப்பம்பூ, சோழருக்குப் புலி, ஆத்தி, சேரருக்கு வில், பனம்பூ.

விதிநூலுக்கு பில் பார்க்கரின் ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாடிஸ்’ (1990) போதும். ஒரு பக்கத்துக்கு 12 தட்டுகள்தான் (வீரர்களை ஒட்டி நிறுத்தும் துண்டுகள்). 15 மில்லிமீட்டர் அளவில் சுமார் 40 வீரர்கள், இரண்டடிச் சதுர மேசை, ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

படையில் காலாள் மிகுதியாக இருக்கட்டும். முறைக்கு ஒரு பகடை உருட்டுவீர்கள். விழுந்த எண்ணளவுக்கே நகர்த்தலாம். அணிவகுத்து நிற்கும் காலாள் மொத்தமும் ஒரே நகர்த்தலில் முன்னேறும். சிதறி ஓடும் குதிரை வில்லாளிகளுக்குத் தட்டுக்கொரு நகர்த்தல் போய்விடும். ஒன்று விழுந்தால் ஒரு தட்டைத் தவிரப் படையே நின்றுவிடும். அந்த ஆசையைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம்.

எத்தனை யானை, எத்தனை குதிரை? கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் கேள்விப்பட்டதை வரலாற்றாசிரியர் அரியன் எழுதிவைத்திருக்கிறார்: ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டையாவுக்கு 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாள் கொடுத்தானாம். அவளுக்கு அணிவிக்கக் கடல்முத்தும் தேடித் திரட்டினானாம். முத்துத் தேடுவது உங்கள் கடற்கரைக்காரர்களுக்குப் புதிய கதையாக இருக்காது. கதையை வரலாறாக எடுக்க வேண்டாம். ஆனால் அந்த விகிதம் பயன்படும்: குதிரை ஒரு தட்டு போதும். இந்த மண்ணில் நல்ல குதிரை கிடைக்காமல் பாண்டியர் பிற்காலத்திலும் காயல் துறைமுகம் வழியாக இறக்குமதி செய்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். யானையும் ஒன்றே. பின்வாங்கும் யானை பின்னால் நிற்கும் சொந்த ஆட்களையே நசுக்கும். அதன் பின்னே எதையும் நிறுத்தாதீர்கள். மீதிப் பத்துத் தட்டுகளை வாள், வேல், வில் வீரர்களுக்கும் ஓரிரு சிதறு வீரர்களுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

தட்டில் ஒட்டத் தேரிக்காட்டுச் செம்மண் அருமையாக இருக்கும். கடற்கரை மணலானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, காயவைத்து ஒட்டுங்கள். உப்பு இருந்தால் வண்ணம் பூத்துப்போகும்.

முதல் ஆட்டத்துக்குத் தலையாலங்கானத்துப் போரை எடுங்கள். இளைஞனான பாண்டியன் நெடுஞ்செழியன் ஒரு பக்கம். சேரர், சோழர், ஐந்து வேளிர் மறுபக்கம். தம்பிக்கு அந்தக் கூட்டணியைக் கொடுங்கள். இரண்டு படையையும் வண்ணம் தீட்டி முடிக்கும்வரை மூன்றாவது படை வாங்க வேண்டாம்.