நோயாளியின் சொல்லும் வைத்தியரின் சொல்லும்



கட்டிலுக்கும் மருந்துக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் கொடுக்கும் காணிக்கையின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நர்சிங் மாணவிகளுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுக்க ஏன் மணிக்கணக்கில் நேரம் செலவிட வேண்டும் என்று சபையாரில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் பேசத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர்கள் வகுப்பில் படிக்கும் சொல் ஒன்று, வார்டில் காதில் விழும் சொல் மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் போனால் நல்ல மருந்தும் தவறான ஆளுக்கோ தவறான வேளையிலோ போய்ச் சேரும். ஆகவே இந்தப் பாடத்தை உங்களுக்கும் இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். நோயாளியாகவோ, நோயாளியை அழைத்து வருபவராகவோ உங்களுக்கும் இது பிரயோஜனப்படும்.

முன்னோடி ஒருவர்

1918-ஆம் ஆண்டு வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரை நாம் அறிவோம். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனெரி. அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அப்படிப் படித்தவர்களில் பலர் உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குச் சென்றுவிட்டார்கள். ஆகவே 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

பாடப்புத்தகம் இல்லாமல் பாடம் நடத்த முடியுமா? ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் வேலையைத் தம் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தார். சர்ஜரி நூல் 1867-இல் "இரண வைத்தியம்" என்ற பெயரில் வெளிவந்தது. உடற்கூறு நூல் 1872-இல் "மனுஷ அங்காதிபாதம்" ஆயிற்று. ஜனங்களுக்குப் பழக்கமான "இரணம்" என்ற சொல் இருந்தபடியால் அதையே எடுத்துக்கொண்டார். கெமிஸ்ட்ரிக்கு அப்படி ஒரு சொல் கிடைக்காததால் 1875-இல் வந்த நூலுக்குக் "கெமிஸ்தம்" என்று பெயர் வைத்தார். 1873-இல் தாய்நாடு திரும்பிய பிறகும், 1884-இல் மரிக்கும்வரை தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. வைத்தியனுடைய அறிவு நோயாளியின் வீட்டு வாசல்வரை நடந்துபோக வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம்.

1. முதலில் கேட்பது

1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இரு ஆய்வாளர்கள் மருத்துவரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய பின் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மட்டுமே முழுவதும் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே நம் மாணவர்களுக்கு முதல் விதி இது: உட்காருங்கள், முகத்தைப் பாருங்கள், "சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நோயாளி நிறுத்தியதும் "வேற ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். சொல்லக் கூச்சமான காரியம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

2. நோயாளியின் சொல்

"மயக்கமா வருது" என்று ஒரு தாயார் சொன்னால் அதற்குக் குறைந்தது மூன்று அர்த்தம் உண்டு. தலை சுற்றியிருக்கலாம், கண் இருட்டியிருக்கலாம், நினைவு தப்பிக் கீழே விழுந்திருக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு. அந்த ஒரு சொல்லை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டால் எதுவும் எழுதாததற்குச் சமம். "என்ன நடந்துச்சு, பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி சொல்லுங்க" என்று கேட்க வேண்டும்.

"நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு" என்பது இன்னும் ஆபத்தானது. மாரடைப்பு வந்தவரும் இதையே சொல்வார், அஜீரணக்காரரும் இதையே சொல்வார். வாயு என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஜெலுசில் கொடுத்து அனுப்பக் கூடாது. வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வேர்த்துக் கொட்டுகிறதா, நடந்தால் அதிகமாகிறதா என்று கேட்டு, தாமதமின்றி மருத்துவரை அழைக்க வேண்டும்.

3. வைத்தியரின் சொல்

மருத்துவச் சொற்கள் நீளமானவை. ஆனால் துண்டு துண்டாகப் பிரித்தால் பயம் போய்விடும். பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. முடிவில் "ஐட்டிஸ்" என்று வந்தால் அழற்சி என்று பொருள். "கேஸ்ட்ரோ" என்றால் இரைப்பை, ஆகவே கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி. "ஹெப்பார்" என்றால் ஈரல், ஆகவே ஹெப்பட்டைட்டிஸ் ஈரல் அழற்சி. "டெர்மா" என்றால் தோல், ஆகவே டெர்மட்டைட்டிஸ் தோல் அழற்சி. முடிவில் "எக்டமி" என்று வந்தால் வெட்டி எடுத்தல்.

முன்னால் "ஹைப்பர்" வந்தால் அதிகம், "ஹைப்போ" வந்தால் குறைவு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது, ஹைப்போகிளைசீமியா என்றால் குறைந்துவிட்டது. சிகிச்சை நேர் எதிரானது. ஆகவே போனில் சொல்லும்போது அந்தச் சொல்லோடு நிற்காமல் அளவையும் எண்ணாகச் சொல்ல வேண்டும்.

நோயாளிக்குச் சொல்லும்போதோ இன்னொரு கண்ணி இருக்கிறது. "சர்க்கரை குறைஞ்சிருக்கு" என்றால் அவர் சந்தோஷப்படுவார். அது தாழ்ந்துபோய்விட்டது, கை நடுங்கி வேர்த்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று விளக்கினால்தான் ஆபத்து புரியும். அப்படியே "பாசிட்டிவ்" என்ற சொல்லும். ஊரில் அதற்கு நல்லது என்று பொருள், ஆய்வுக்கூடச் சீட்டிலோ தேடியது இருக்கிறது என்று பொருள். "சளியில் டிபி கிருமி இருக்கிறது, மருந்தால் குணமாகும், இருமல் நின்ற பிறகும் சொன்ன மாதம்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

4. வேலையைக் கேட்பது

"நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று நோயாளியிடம் கேட்கும்படி, 1700-இல் வெளிவந்த தம் நூலில் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி வைத்தியர்களுக்குப் போதித்தார். தோல் பதனிடுவோரின் நோய்களையும் அந்நூலில் எழுதியிருக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கத்து ஜனங்களைப் பார்க்கும் நமக்கு அது மிகவும் பொருந்தும். "கையெல்லாம் வெடிப்பு, ஒரே அரிப்பு" என்று ஒருவர் வந்தால், "டேனரியில வேலை" என்ற பதிலோடு நிறுத்தக் கூடாது. எந்த செக்ஷன் என்று கேட்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவருக்குத் தோல் வெந்துபோகும். குரோம் பகுதியில் இருப்பவருக்கு ஒவ்வாமையும் ஆறாத குழிப்புண்ணும் வரலாம். ஸ்பிரே, பஃபிங் பகுதியில் இருப்பவருக்கு மூச்சுக் கோளாறு. செக்ஷன் தெரியாமல் களிம்பு கொடுத்தால் அடுத்த மாதம் அதே கையோடு திரும்பி வருவார்.

5. திருப்பிச் சொல்லச் சொல்வது

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஜனங்கள் மரியாதைக்காக "புரிஞ்சுதுங்க" என்பார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை. "பெரியம்மா, நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போய் மருமககிட்ட எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்க வேண்டும். பரீட்சிக்கப்படுவது நம் விளக்கமே என்று அவர்களுக்குத் தெரிந்தால் வெட்கப்பட மாட்டார்கள்.

வேளையும் முக்கியம். "காலை, மதியம், இரவு" என்று எழுதிய சீட்டு ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர்க்காரர் ஒருவருக்கு உதவாது. "பாய், நோன்பு வைப்பீங்களா?" என்று முன்னதாகவே கேட்டு, மருத்துவரிடம் நேரத்தை மாற்றி எழுதி வாங்கித் தர வேண்டும். அப்படிக் கேட்காவிட்டால் அவராகவே மாத்திரையை நிறுத்திவிடலாம்.

முடிவாக

2019 முதல் இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பான்மை, நெறிமுறை, பேச்சுத்தொடர்பு ஆகியவை ஒரு பாடப்பகுதியாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கிரீன் ஐயர் மானிப்பாயில் உழைத்துச் செய்த காரியத்தின் அவசியத்தை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் இருப்பது வார்டுக்கு வர ஆசிரியர் பக்கத்தில் நின்று கேட்டுத் திருத்த வேண்டும். அதற்குத்தான் அந்த மணிக்கணக்கான நேரம்.

சிந்திக்க, செய்ய:

அ) மருத்துவமனைக்கு வரும்முன் உங்கள் குறையை மூன்று வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எப்படி இருக்கிறது, எதனால் கூடுகிறது.

ஆ) புரியாத சொல்லைக் கேட்டால், "இதைத் தமிழில் சொல்லுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இ) உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை எடுத்து வைத்து, எது எதற்கு என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாத மாத்திரை இருந்தால் அடுத்த முறை வரும்போது அதைக் கையில் கொண்டு வாருங்கள். எங்கள் மாணவிகள் உட்கார்ந்து விளக்குவார்கள்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களுக்குச் சுகமும் சமாதானமும் அருளுவாராக.