கரடு ஏறப் பழகும் தம்பிக்கு

நல்லம்பள்ளி



உன் தாத்தாவின் புல்லட்டைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். அந்த வண்டிக்கு எத்தனை தடவை கிளட்ச் பிளேட் மாற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட்டதும் மனசு நிறைந்தது. மறுநாள் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். நண்பனின் பைக்கில் வத்தல்மலை வளைவுகளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதிரே வருகிற ஜீப்புக்கு ஒரு முழம் மட்டும் விட்டு ஏறுகிறாய். கீழே, "இங்கிலாந்தில் பழைய வண்டிகளை வைத்து மலையேற்றப் போட்டி நடத்துகிறார்களே, அதற்குத்தான் பழகுகிறேன் பெரியப்பா" என்று எழுதியிருந்தாய்.

அந்தப் போட்டிக்கும் நீ செய்ததற்கும் சம்பந்தமே இல்லை, தம்பி. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர்கள் அதற்கு ட்ரையல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளிங் கிளப் என்ற சங்கம் அங்கே 1901-ல் தொடங்கியது. எடின்பரோவுக்கு 1904-ல், தென்மேற்குக் கோடியில் இருக்கிற லேண்ட்ஸ் எண்டுக்கு 1908-ல், எக்ஸிட்டருக்கு 1910-ல் என்று அவர்கள் ஆரம்பித்த மூன்று நெடும்பயணங்களும், போர்க்காலத்தில் நின்றுபோனது தவிர, இன்றைக்கும் அதே பெயரில் நடக்கின்றன. இருட்டில் பல மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் ஒரு மண்பாதையின் அடியில் நிற்க வேண்டும். நம் பக்கத்து மாட்டுவண்டித் தடம் மாதிரியே இருக்கும். மழைத்தண்ணீர் அரித்து, கல் பெயர்ந்து, மேலே மரம் கவிந்த செங்குத்துப் பாதை. பெக்கர்ஸ் ரூஸ்ட், சிம்ஸ், கார்ன்வாலில் பழைய வெள்ளீயச் சுரங்கத்தை ஒட்டி ஏறுகிற ப்ளூ ஹில்ஸ் மைன் என்று ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு பெயரும் ஒரு பயமும் உண்டு.

அடியிலிருந்து உச்சிவரை வண்டி நிற்காமல் போக வேண்டும். அதுதான் தேர்வு. நேரம் பார்க்கிற சின்னச் சோதனைகள் தனியாக ஒன்றிரண்டு இருக்கும். ஏற்றத்தில் கடிகாரத்துக்கு வேலையில்லை. எல்லா ஏற்றங்களையும் தவறாமல் முடித்தால் தங்கம். ஒரே ஒரு இடத்தில் சக்கரம் நின்றாலும் தங்கம் போச்சு. பக்கத்து ஆளைத் தோற்கடிக்கிற பேச்சே அதில் கிடையாது. நூறு பேர் சுத்தமாக ஏறினால் நூறு பேருக்கும் தங்கம் உண்டு. ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கிற ட்ரையலில் கணக்கு இன்னும் கறார். பாறைகளுக்கு நடுவே போகும்போது ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி அபராதம், இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. நின்றுவிட்டால் 5. கடைசியில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவர்தான் முதல்.

நம் மாவட்டத்தில் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போன படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ட்ரையல் ஞாபகம்தான் வரும். கழுதை அவசரப்படாது. முன்காலை வைத்து, கல் அசைகிறதா என்று பார்த்து, பிறகே பாரத்தை அதன்மேல் மாற்றும். உருளைக்கல் கிடந்தால் அதன் ஓரமாகக் குளம்பை வைக்கும். உன் புல்லட்டின் பின்சக்கரம் அந்தக் குளம்பு மாதிரி போக வேண்டும்.

போகவும் முடியும். அந்த வண்டி பிறந்ததே இதற்குத்தான். வாங்கி வைத்திருக்கிற பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1948-ல் புது புல்லட்டைச் செய்தபோது, கடைக்கு அனுப்பும் முன்பே ட்ரையல் போட்டிக்குத்தான் அனுப்பியது. பின்சக்கரத்துக்கு ஆடும் ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பரும் வைத்த வண்டி அது. ட்ரையலுக்கு விறைப்பான சட்டம்தான் சரி, பின்னால் ஸ்பிரிங் வைத்தால் பிடிமானம் போய்விடும் என்று நம்பிய காலம். அதே வருஷம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரையலில் அந்த வண்டிகள் தங்கம் வாங்கின. பள்ளத்தில் விழுந்து எழும்போதும் சக்கரம் தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருந்தால்தானே தள்ள முடியும்? பிற்பாடு ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 350 புல்லட்டில் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலை 1952-லும் 1957-லும் வென்றார். முதல் தடவை வென்றபோது அவருக்கு உன் வயசுதான் இருக்கும்.

அதே வண்டிதான் கடல் தாண்டி நம்மிடம் வந்தது. ராணுவத்துக்கு வேண்டும் என்று ஆர்டர் வந்து, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் தயாராக ஆரம்பித்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் அங்கே கதையே முடிந்தது. இங்கே நிற்கவில்லை. 1977-லிருந்து நம் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ட்ரையலில் பெயர் வாங்கிய நார்ட்டன் கம்பெனியை 2020-ல் ஓசூர் டிவிஎஸ் வாங்கியதும் உனக்குத் தெரியும். இங்கிலாந்துக்காரனின் விளையாட்டை எட்ட நின்று பார்க்கிறவனாக உன்னை நினைத்துக்கொள்ளாதே. அதற்கான இரும்பு உன் வாசலில் நிற்கிறது.

இனி வேலைக்கு வருவோம்.

உன் தாத்தாவின் எஞ்சினில் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம், அது மேலும் கீழும் போகிற தூரம் 90 மில்லிமீட்டர். அகலத்தைவிட நீளம் அதிகம். உள்ளே கனமான ஃப்ளைவீல். அதனால்தான் முறுக்காமலே இழுக்கிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே டயர் மண்ணைப் பிடித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. முறுக்கினால் என்ன ஆகும்? சக்கரம் சுற்றும். ஒருமுறை வழுக்க ஆரம்பித்த டயருக்கு நிலைத்த டயரின் பிடி கிடையாது. மண்ணைத் தோண்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். சரளையில் பின்னால் கல் பறப்பதைப் பார்த்தால் வீரமாகத் தெரியும். பறக்கிற ஒவ்வொரு கல்லும் வண்டியை மேலே தள்ளியிருக்க வேண்டிய கல், தம்பி.

ஸ்டார்ட் பண்ணுவதிலிருந்து ஆரம்பி. கிக்கரை மெதுவாக அழுத்து. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து ஒரு விரற்கடை தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரே உதை. கரட்டில் நடுவழியில் எஞ்சின் அணைந்துபோனால் பதற்றத்தில் பத்து உதை உதைப்பவன் கால் சோர்ந்து திரும்புவான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வீட்டு வாசலிலேயே பழகு. காதைப் பிளக்கிற புதுச் சைலன்சர் எதையும் மாட்டாதே, பழையதே இருக்கட்டும். எஞ்சின் எப்போது திணறுகிறது, எப்போது இன்னும் தாங்கும் என்பதைக் காதுதான் சொல்லும்; அந்தச் சத்தத்தில் அது கேட்காது. இன்னொன்று, இங்கிலாந்தில் இந்த ட்ரையல்கள் நூறு வருஷம் தாண்டி நிற்பதே வழியிலுள்ள கிராமத்து ஜனங்களின் பொறுமையால்தான். நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கும் மதியத் தூக்கம் இருக்கிறது.

ஏற்றத்துக்கு முன்னால் பின்டயர் காற்றைக் குறை. காற்று குறைந்தால் டயர் பரந்து படிந்து கல்லைக் கவ்வும். ரொம்பக் குறைத்தால் ரிம்மில் ட்யூப் நசுங்கிக் கிழியும். கொஞ்சம் கொஞ்சமாகப் பார். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் பம்ப் வைத்து ஏற்றிவிட வேண்டும், மறக்காதே. அந்த நெடும்பயண ட்ரையல்களில் காரோடு கலந்துகொள்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். சக்கரம் வழுக்கினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் எம்பி எம்பிக் குதித்து பின்சக்கரத்துக்குப் பாரம் கொடுப்பார். பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு போல இருக்கும். ஆனால் பிடிமானம் பாரத்திலிருந்துதான் வருகிறது என்பதை உடம்பால் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். உனக்குப் பக்கத்து ஆள் கிடையாது. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று உன் உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். முன்சக்கரம் தூக்கினால் முன்னால் சாய், பின்சக்கரம் வழுக்கினால் பின்னால் போ. பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. நாலு வண்டி நீளம் தள்ளி இருக்கட்டும்.

ஏற முடியாமல் நின்றுபோவதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஏறுவதை யாரும் கற்றுக்கொடுப்பார்கள். நின்றுபோனதும் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உன் வயசில் ஒரு கரட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் அணையப் பார்த்தது. பயத்தில் கிளட்சைப் பிடித்தேன், முன்பிரேக்கைப் பிடித்தேன். ஏற்றத்தில் பாரமெல்லாம் பின்னால் இருக்கும், முன்டயருக்குப் பிடி ஏது? பூட்டின சக்கரத்தோடு வண்டி பின்னாலேயே வழுக்கியது. காறை எலும்பு முறிந்து இரண்டு மாசம் கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு திரிந்தேன். மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. அதனால் சொல்கிறேன்: இனி ஏறாது என்று தெரிந்த நொடியில் கிளட்சைத் தொடாதே. கியரிலேயே அணைந்துபோக விடு. எஞ்சினே பின்சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மேட்டுப் பக்கமாகக் காலை ஊன்றி, அந்தப் பக்கமே இறங்கு. பள்ளத்துப் பக்கம் ஒருநாளும் இறங்காதே, வண்டி உன்மேல் விழும். மூச்சு வாங்கிய பிறகு வண்டியைத் திருப்பலாம். இதை முதலில் ஒரு சின்ன மேட்டில் வேண்டுமென்றே இருபது தடவை செய்து பார்.

அதற்கடுத்தது ஏற்றத்தின் நடுவே நின்று, உருளாமல் மறுபடி கிளம்புவது. அந்த நெடும்பயண ட்ரையல்களில் சில ஏற்றங்களில் கோடு போட்டு இதற்கென்றே நிறுத்துவார்கள். உன் பழைய வண்டியில் கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். வலதுகாலை ஊன்றி, இடதுகாலால் பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கவ்வுகிற இடத்துக்குக் கொண்டு வா. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் அழுந்துவதை உணர்வாய். அப்போது பிரேக்கை விடு. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு குறைவாகத் திறக்கிறாயோ அவ்வளவு சுத்தமாகக் கிளம்பும்.

எங்கே பழகுவது? தொப்பூர்க் கணவாய் வேண்டாம். சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி, பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 2020 டிசம்பரில் முன்னே நடந்த ஒரு விபத்தால் வரிசையாக நின்ற கார்கள்மேல் ஒரு லாரி வந்து மோதி நாலு பேர் செத்தார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. வத்தல்மலைச் சாலையும் வேண்டாம். அது மலைமேல் இருக்கிற ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இறங்கி வருகிற வழி. காப்புக்காட்டுக்குள் போகவே போகாதே. அனுமதியில்லாமல் கால் வைத்தால் வழக்கு, அது நியாயமும்கூட. உங்கள் மாந்தோப்புக்குப் பின்னால் இருக்கிற கரடு பட்டா நிலம்தானே? பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அடியில் ஓடை மணல், நடுவே சரளை, மேலே வழவழப்பான பாறை என்று மூன்று விதத் தரையும் அங்கே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான்.

உன் தங்கை கூட வரக் கேட்டதாகவும் நீ மறுத்ததாகவும் அப்பா சொன்னார். 1927-ல் இங்கிலாந்தில் நடந்த சர்வதேச ஆறு நாள் ட்ரையலில் வெள்ளிக் குவளையை வென்ற பிரிட்டிஷ் அணியில் மூவரும் பெண்கள். மார்ஜரி காட்டில், எடித் ஃபோலி, லூயி மெக்லீன். அந்தப் பெயர்களை அவளிடம் சொல். இதற்குப் பலம் தேவையில்லை, நிதானம்தான் வேண்டும். அது உங்கள் வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம் அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டியது. நீயும் ஓட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கழற்ற வேண்டும். பாயிண்ட் தேய்ந்திருக்கும். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் கட்டியாகப் படிந்திருக்கும். உன் தாத்தாவுக்கு முன் ஸ்பிராக்கெட்டை ஒரு பல் சின்னதாக மாற்றித் தருகிறேன் என்று சொல்லிக் கடைசிவரை செய்யாமல் விட்டுவிட்டேன். அது இன்னும் என் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வா. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். காற்று பார்க்கிற மீட்டரும் கைப்பம்பும் என்னிடம் உண்டு. தங்கச்சியையும் கூட்டி வா.

அன்புடன்,
பெரியப்பா