மரத்துக்குப் பேரும் வேணும், அளவும் வேணும்



"பெரிய மரம்" என்றால் எவ்வளவு பெரிசு? கேட்டால் "மூணு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கணும்" என்பார்கள். மூணு ஆள் என்றால் எந்த மூணு ஆள்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளா, பி.டி. சாரா? அது கணக்காகாது.

எங்கள் ஊர் ரோட்டில் இரண்டு பக்கமும் புளிய மரங்கள் நின்றன. ரோட்டை அகலமாக்கும்போது பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். எத்தனை மரம் போச்சு என்று வீட்டில் கேட்டேன். "அம்பது இருக்கும்டி" என்றது அப்பத்தா. "இருபதுதான்" என்றார் மாமா. யாரும் எண்ணி எழுதி வைக்கவில்லை. அதனால் மீதி நிற்கும் மரங்களையாவது எழுதி வைப்போம் என்று நாங்கள் நாலு பேர் நோட்டு, டேப்போடு கிளம்பினோம். எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். நீங்களும் செய்யலாம்.

1. பெயர் கண்டுபிடிப்பது

இலையை மட்டும் பார்த்தால் போதாது. பட்டை, காய், விழுது எல்லாம் பார்க்க வேண்டும்.

ஆல், அரசு, அத்தி மூன்றும் ஒரே குடும்பம். கிள்ளினால் மூன்றிலும் பால் வரும். விழுது தொங்கினால் ஆல். இலை இதயம் மாதிரி இருந்து நுனி வால் போல நீண்டால் அரசு. காய் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்தால் அத்தி.

வாகையும் தூங்குமூஞ்சியும் பலருக்குக் குழப்பம். வாகைக் காய் தட்டையாக, காய்ந்ததும் வைக்கோல் நிறமாகிக் காற்றில் கலகலவென்று சத்தம் போடும். தூங்குமூஞ்சிக் காய் தடிப்பாக, கறுப்பாக, உள்ளே பிசுபிசுப்பாக இனிக்கும். ஆடு விரும்பித் தின்னும். சாயங்காலம் இலையை மூடிக்கொள்ளும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். நம்ம புளியே ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததுதான். ஆனால் அரபிக்காரர்கள் அதை "இந்தியப் பேரீச்சை" என்று சொன்னார்கள். அதிலிருந்துதான் டாமரிண்டஸ் என்ற அறிவியல் பெயர் வந்தது.

2. சுற்றளவு

தரையில் வேர் பக்கம் அளந்தால் தப்பாகும், அங்கே மரம் பருத்திருக்கும். நம் நாட்டு வனத்துறையில் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்தில் அளப்பார்கள். பெரியவர்களுக்கு அது நெஞ்சு உயரம், நமக்குக் கழுத்துப் பக்கம் வரும். தையல் டேப் 150 செ.மீ.தான் இருக்கும். ஆகவே கயிற்றைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பிறகு கயிற்றை அளக்கவும். கயிறு சாயக்கூடாது, தொய்யக்கூடாது. அந்த இடத்தில் முண்டு இருந்தால் அதற்குச் சற்று மேலே அளக்க வேண்டும். நாலரை அடிக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்தால் தனித்தனியாக அளக்க வேண்டும். வந்த சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்.

3. உயரம்

குச்சி நிழலை வைத்து மர உயரம் கண்டுபிடிக்கும் கணக்கு நமக்குத் தெரியும். 1 மீட்டர் குச்சிக்கு 80 செ.மீ. நிழல், மரத்துக்கு 12 மீட்டர் நிழல் என்றால் உயரம் 15 மீட்டர். தென்னைக்கு இது சரி. புளிக்குச் சரிவராது. புளி குடை மாதிரி விரிந்த மரம். நிழலின் ஓரம் உச்சியின் நிழலா, பக்கக் கிளையின் நிழலா என்று தெரியாது.

அதற்கு வேறு வழி. சதுரத் தாளைக் குறுக்கே மடித்தால் முக்கோணம் வரும். கூர்முனையைக் கண்ணருகில் வைத்து, ஒரு சின்னப் பக்கம் தரைக்குச் சமமாக, இன்னொன்று நேராக நிற்கும்படி பிடிக்கவும். நேர்ப்பக்கத்தில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் சாய்வு தெரியும். நீளப் பக்கத்தின் வழியே மர உச்சி தெரியும்வரை பின்னால் நடக்கவும். மரத்திலிருந்து அந்த இடம்வரை உள்ள தூரத்தோடு நம் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். தரை சமமாக இருக்க வேண்டும். ரோட்டோர மரம் என்றால் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா? கலிபோர்னியாவில் உள்ள ஹைப்பீரியன் என்ற செம்மரம் 115 மீட்டருக்கும் மேல். 2006-ல் உச்சிவரை ஏறி, அங்கிருந்து டேப்பைத் தொங்கவிட்டு அளந்தார்கள்!

4. நாங்கள் அளந்தவை

பள்ளி வேம்பு: சுற்றளவு 1 மீ. 92 செ.மீ.
தூங்குமூஞ்சி: 3 மீ. 8 செ.மீ.
பஸ் ஸ்டாப் புளி: 4 மீ. 36 செ.மீ., உயரம் சுமார் 15 மீ.
குளத்துக்கரை ஆல்: விழுதுகள் அடிமரத்தோடு ஒட்டிப்போனதால் சுற்றளவு எடுக்க முடியவில்லை. நிழல் பரப்பைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தோம். சராசரி 22 மீ.

ஆலுக்கு அடிமரத்தை விட விழுதுதான் முக்கியம். கொல்கத்தா அருகே ஹவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சை பிடித்த அடிமரத்தை 1925-ல் எடுத்துவிட்டார்கள். விழுதுகளை வைத்தே அது இன்றும் வாழ்கிறது.

சுற்றளவை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. தண்ணீர் உள்ள இடத்தில் சீக்கிரம் பருக்கும், காய்ந்த கரட்டில் மெதுவாகப் பருக்கும். பனை மற்ற மரம் போல வருஷா வருஷம் பருக்கவே பருக்காது.

5. இதனால் என்ன பயன்?

பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகப் போனால் கேரளாவின் பரம்பிக்குளம் காடு வரும். அங்கே கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் நிற்கிறது. சுற்றளவு 6 மீட்டருக்கு மேல். 1994-95-ல் மத்திய அரசின் மகாவிருட்ச புரஸ்கார் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அளந்து எழுதியதால்தான் அதன் பெருமை எல்லாருக்கும் தெரிந்தது.

நம் மாநிலத்தில் பொது இடத்து மரத்தை வெட்டும் விஷயத்தைப் பார்க்க, 2021-ல் ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு அமைத்தார்கள். பனையை வெட்டவும் ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அதே வருஷம் அறிவித்தார்கள். நாளைக்கு யாராவது ஒரு மரத்தைப் பற்றிக் கேட்டால், "அங்க ஒரு மரம் இருக்கு" என்று சொல்வதை விட, "பஸ் ஸ்டாப் புளி, 4 மீட்டர் 36, உயிரோடு நல்லா இருக்கு, வருஷா வருஷம் காய்க்குது" என்று நோட்டைக் காட்டினால் மதிப்பு அதிகம்.

இதுவரை 31 மரங்கள் எழுதியிருக்கிறோம். குளத்துக்கரை மேற்குப் பக்கமும், கோயில் பின்பக்கமும் பாக்கி. வர விருப்பம் உள்ளவர்கள் மதிய இடைவேளையில் நூலகத்தருகே வந்து பேர் கொடுங்கள். கயிறு எங்களிடம் உண்டு. மரத்தில் ஆணி அடிக்கவோ, பட்டையை உரிக்கவோ, பெயரைச் செதுக்கவோ யாரையும் விடமாட்டோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி