குழந்தையின் மூக்கடைப்பு: குமிழ் உறிஞ்சியைத் தேர்ந்தெடுத்தலும் பயன்படுத்தலும்

கைக்குழந்தைக்கு மூக்கடைத்துக்கொண்டால் வீட்டில் ஒருவருக்கும் உறக்கம் இராது. குழந்தை மார்பில் வாய் வைக்கும், இரண்டு மிடறு உறிஞ்சும், மூச்சு முட்டி விட்டுவிடும், அழும். எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரும் கேட்பது, "சளிக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுங்கள்" என்பதே. பெரும்பாலான வேளைகளில் நாங்கள் தரும் விடை, சில துளி உப்புநீரும் கைக்குள் அடங்கும் ஒரு குமிழும்தான்.

மூக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

பிறந்த முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சு விடுகிறது. பாலருந்தும்போது வாய்க்கு வேறு வேலை இருப்பதால், மூக்கு ஒன்றே காற்றுக்கான வழி. அந்தத் துளையோ மிகச் சிறியது. ஆகவே பெரியவர்கள் பொருட்படுத்தாத சிறு சளியும் குழந்தையின் உணவையே தடுத்துவிடும்.

எனினும், எல்லா ஒலியும் நோயன்று. முதல் வாரங்களில் மூக்கில் லேசான 'கொர்கொர்' ஒலியும் அடிக்கடி தும்மலும் இயல்பானவை. நன்றாகப் பால் குடித்து, அமைதியாக உறங்கும் குழந்தையின் மூக்கை நாம் தொட வேண்டியதில்லை. பிறந்தவுடன் தாமாகவே நன்கு மூச்சுவிடும் குழந்தைகளுக்கு, பனிக்குட நீர் தெளிவாக இருந்தால், வாயையும் மூக்கையும் உறிஞ்சித் துடைக்க வேண்டாம் என்றே உலகச் சுகாதார நிறுவனம் 2012 ஆம் ஆண்டு முதல் அறிவுறுத்துகிறது.

சளி மருந்து ஏன் வேண்டாம்?

2025 ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்களுக்குத் தரப்பட்ட சளி மருந்து, நம் வாலாஜாபாத்தை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்திருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை காட்டியது. அதன் பின்னர், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக்கூடாது என்றும், 5 வயதுக்கு உட்பட்டோருக்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் அறிவித்தது. நச்சுக் கலப்பு இல்லாத மருந்தாயினும் கைக்குழந்தையின் சளியை அது விரைவாகக் குணப்படுத்துவதில்லை என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும்.

எதை வாங்குவது?

மருந்துக் கடைகளில் 'நேசல் ஆஸ்பிரேட்டர்' என்று கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்.

முனை மென்மையாகவும் மழுங்கலாகவும் இருத்தல் வேண்டும். சற்று உள்ளேயே தடுத்து நிற்கும்படி அகன்றிருப்பது நன்று. காது கழுவுவதற்கான நீண்ட கூர்முனைக் குமிழ் மூக்குக்கு ஆகாது.

குமிழ் ஒரு கையால் எளிதில் அமுங்கி, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாகக் கழற்றிக் கழுவக்கூடியதே சிறந்தது. ஒரே துண்டாக வார்க்கப்பட்ட ரப்பர் குமிழின் உட்புறத்தை நாம் காண முடியாது. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தாலும் தெரியாது.

இதனுடன் 0.9 விழுக்காடு உப்புநீர் மூக்குச் சொட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். சீசாவின் பெயரைப் படித்துப் பாருங்கள். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் ஆகிய மூக்கடைப்பு மருந்துகளும் இதே போன்ற சிறு சீசாக்களில் வருகின்றன. அவை கைக்குழந்தையை மயக்க நிலைக்குத் தள்ளி, மூச்சையும் இதயத் துடிப்பையும் மந்தமாக்கக்கூடியவை. உப்புநீரை வீட்டில் கைக்கணக்கில் கலக்கவும் வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

1. பால் கொடுப்பதற்குச் சற்று முன் செய்யுங்கள். பாலருந்திய பின் செய்தால் குழந்தை வாந்தி எடுக்கக்கூடும்.
2. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
3. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒவ்வொரு துளையிலும் 2 அல்லது 3 துளி உப்புநீர் விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். கெட்டியான சளி இளகட்டும்.
4. குமிழை வெளியிலேயே அமுக்கிக் காற்றை நீக்குங்கள். மூக்கில் வைத்த பிறகு அமுக்கினால் சளி உள்ளே தள்ளப்படும். இந்த முறையில் மிக முக்கியமான படி இதுவே.
5. அமுக்கியபடியே முனையைத் துளையின் வாயிலில் மட்டும் மெல்ல வையுங்கள். நடுச்சுவரில் உரச வேண்டாம்.
6. பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள்; சளி குமிழுக்குள் ஏறும்.
7. வெளியே எடுத்து, ஒரு துணியில் பீய்ச்சித் துடைத்துவிட்டு, அடுத்த துளைக்குச் செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறைக்கு மேல் வேண்டாம். அடிக்கடி உறிஞ்சினால் உட்சவ்வு வீங்கி அடைப்பு மிகும், இரத்தமும் கசியலாம். சில வேளைகளில் உப்புநீரும் அதைத் தொடரும் தும்மலுமே போதுமானவை.

ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான சோப்பு நீரை உறிஞ்சிப் பீய்ச்சிக் கழுவி, பின் நல்ல நீரில் அலசி, முனை கீழ்நோக்கி இருக்குமாறு உலர விடுங்கள். கறுத்தாலோ வெடித்தாலோ மாற்றிவிடுங்கள். ஒரு குழந்தையின் குமிழை மற்றொரு குழந்தைக்குத் தரலாகாது.

வீட்டு வழக்கங்கள் சில

தாய், தந்தை இருவரும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் வீடுகளில், குழந்தை பாட்டியின் கையில்தான் வளர்கிறது. அந்த அன்புக்கு ஈடில்லை. ஆகவே இப்பகுதியைப் பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள்.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது ஆபத்தானது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் வெளியேறாது. ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். அரசு மருத்துவமனைகளில் தரப்படும் குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்திலுள்ள எண்ணெயும் மேனியில் பூசுவதற்கே. வாயால் மூக்கில் ஊதுவதும் உறிஞ்சுவதும் பெரியவரின் கிருமிகளைக் குழந்தைக்குத் தரும். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் மூக்கடைப்பை மிகுவிக்கும். லாரிப் புழுதி மிகுந்த சாலையோர வீடாயின், சாலைப் பக்கச் சன்னலை மூடிவைத்து, தரையை ஈரத் துணியால் துடையுங்கள்.

எப்போது உடனே வர வேண்டும்?

குழந்தை அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வெறும் மூக்கடைப்பன்று. மேலும் பின்வருவனவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம்:

- மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிதல்
- மூக்கைச் சுத்தம் செய்த பின்னும் பால் குடிக்க மறுத்தல்
- உதடு அல்லது நாக்கு நீலமாதல். அழும்போது சிவந்து, அமைதியானதும் நீலம் பாய்தல்
- எழுப்ப முடியாத மந்தம், வலிப்பு
- 2 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பம், அல்லது உடல் சில்லிட்டுப் போதல்

இரவாயினும் 108 ஐ அழையுங்கள். சற்று வளர்ந்த குழந்தைக்கு ஒரே துளையில் நாற்றத்துடன் சளி வந்தால், மணியோ விதையோ உள்ளே சிக்கியிருக்கலாம். குமிழால் இழுக்க முயலாமல் அழைத்து வாருங்கள்.

சாதாரணச் சளி பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாக அடங்கும். அதுவரை குழந்தை பாலருந்தவும் உறங்கவும் வழி திறந்து வைப்பதே நம் பணி. குமிழைப் பிடிக்கும் முறையில் ஐயம் இருப்பின், அடுத்த தடுப்பூசி நாளில் அதைக் கையோடு கொண்டு வாருங்கள். எங்கள் செவிலியர் செய்து காட்டுவர்.