ஆடு தொடாததைப் புழு தின்பது எப்படி?

கேள்வி: எங்கள் கரிசல் காட்டில் ஆடுதீண்டாப்பாளை நிறையக் கிடக்கிறது. ஆடு மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். ஆனால் ஒரு கறுப்புப் புழு காம்புவரை தின்று தீர்க்கிறது. புழுவே தின்று பிழைக்கிறதென்றால் அதில் விஷம் இல்லை என்றுதானே அர்த்தம்?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: நல்ல கேள்வி அம்மா. ஆட்டையும் புழுவையும் சேர்த்துக் கவனித்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம்.

விஷம் இல்லை என்ற முடிவை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இலையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நச்சுப்பொருள் உண்டு. தின்ன வருவதை விரட்டச் செடி தானே தயாரித்துக்கொள்வது அது. நாம் மருந்துச் சத்து என்று கொண்டாடுபவற்றில் பலவும் இப்படி உண்டானவைதான்.

நீங்கள் பார்த்தது ரோஜா அழகி அல்லது சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். கருஞ்சிவப்பு உடம்பு, ரோஜா அழகியென்றால் நடுவில் வெளிறிய பட்டை, வரிசையாகச் சிவந்த முளைகள். முள் போலத் தெரிந்தாலும் அவை மெத்தென்ற சதைதான். தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டி ருசி பார்த்து, இந்தச் செடியிலோ ஈஸ்வரமூலி போன்ற இதன் உறவுச் செடிகளிலோதான் முட்டையிடும். இப்படிப் புழுவுக்குத் தீனியாகும் செடியை உணவுத் தாவரம் என்பார்கள்.

தின்ற நஞ்சு புழுவைக் கொல்வதில்லை. அதன் உடம்பில் சேர்கிறது. கூட்டுப்புழுவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும், ஏன், அடுத்த தலைமுறை முட்டைக்குமே போய்ச் சேர்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பு உடம்பை மறக்காது. அதனால்தான் இந்த அழகிகள் பதற்றமில்லாமல் மெதுவாகப் பறக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் வளரும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிக்கு இந்த நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்பூச்சிகளில் பல, ரோஜா அழகியின் சிறகை அச்சு அசலாகக் கொண்டிருக்கும். பறவை ஏமாந்துபோகும். நீங்கள் ஏமாற வேண்டாம்: உடம்பு சிவப்பென்றால் ரோஜா அழகி, கறுப்பென்றால் கறிவேப்பிலை அழகி.

குடற்புழுவுக்கும் பாம்புக்கடிக்கும் ஆடுதீண்டாப்பாளையைக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. ஆனால் அது ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதில் கலந்திருந்தது இதே பேரினத்துச் சீனக் கொடி. இரண்டிலும் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். களை எடுக்கும்போது வரப்போரம் நாலு செடியை மட்டும் புழுவுக்காக விட்டுவையுங்கள்.