அந்தமான் போக முதலில் காலண்டரை எடுங்கள்

"ஒரு லட்ச ரூபாய்க்குள்ள நாலு பேர் அந்தமான் போயிட்டு வர முடியுமா?" திண்டுக்கல்லில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மலைக்கோட்டை மேல் ஏறி எந்தப் பக்கம் பார்த்தாலும் மலையும் காடு கரையும்தான் தெரியும். கடல் பார்க்கும் ஆசை நமக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கேள்விக்குப் பதில்: முடியும். ஆனால் மே மாதம் முதல் வாரம் கேட்டுவிட்டு, அதே மாதக் கடைசியில் கிளம்ப நினைத்தால் முடியாது.

தீவுப் பயணத்தில் பாதிச் செலவை முடிவு செய்வது நீங்கள் போகும் தேதி. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். அந்த ஒரே இருக்கை பிப்ரவரியில் போக வர பத்தாயிரத்துக்குக் கிடைக்கும். கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரையுள்ள வாரத்தில் இருபதாயிரத்தைத் தாண்டும். நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் நாற்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். அந்தப் பணத்தில் தங்குவது, சாப்பிடுவது, தீவுக்குத் தீவு கப்பலில் போவது எல்லாம் முடிந்துவிடும்.

வானிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவது வழக்கமாக ஜூன் முதல் தேதி வாக்கில். அதற்கு முன்பே, மே மூன்றாவது வாரத்திலேயே, அந்தமானுக்கு வந்துவிடும். அதனால் முழுப் பரீட்சை லீவில் போவதென்றால் ஏப்ரல் கடைசியில் போய் மே பத்துக்குள் திரும்பிவிடுங்கள். காலாண்டு லீவில் மழை. அரையாண்டு லீவில் கூட்டம், விலை. ஐப்பசி, கார்த்திகை வங்கக் கடலில் புயல் கிளம்பும் காலம். இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது பொங்கல் கழிந்த தை, மாசி, பங்குனி. கடல் அமைதியாக இருக்கும், தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை தெளிவாகத் தெரியும், விலையும் இறங்கியிருக்கும். பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கவில்லை என்றால் பள்ளிக்கு நாலு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்பவர்களுக்குத் தையும் மாசியும் முகூர்த்தக் காலம், கடையை விட்டு நகர முடியாது. அவர்கள் மார்கழிக் கடைசியைப் பார்க்கலாம். புத்தாண்டுக் கூட்டம் வடிந்து பொங்கல் வருவதற்குள் ஒரு வாரம் கிடைக்கும். விலை மாசியைவிடக் கொஞ்சம் கூடும், வானம் கைகொடுக்கும். ஆடியில் போகாதீர்கள். டிக்கெட் மலிவாக இருக்கும், ஆனால் கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையே கப்பல் ஓடாது. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து மழை பார்க்க நமக்குக் கொடைக்கானல் இருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துத் தெருத் தையற்கடை அக்கா ஒரு தாளை மடித்துக்கொண்டு வந்தார். 5 இரவு, 6 பகல், தலைக்கு 18,500 ரூபாய், விமானம் தனி. வண்ணப்படம் எல்லாம் போட்டு அழகாக இருந்தது.

"இதுல கப்பல் டிக்கெட் சேந்திருக்காக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சேத்துத்தான்னு சொன்னாங்க தம்பி."

தாளைத் திருப்பினோம். பின்பக்கம் கடைசி வரியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், தீவுகளுக்கு இடையேயான கப்பல், நுழைவுக் கட்டணம், நீர் விளையாட்டு, வரி ஆகியவை கூடுதல் என்று இருந்தது. ஐந்து இரவில் நாலு இரவு போர்ட் பிளேரிலேயே தங்கல். ஹேவ்லாக் தீவில் ஒரே ஒரு இரவு. அக்கா அந்தத் தாளை மறுபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, "அப்ப நாமளே போட்டுருவோமா?" என்றார். போட்டோம். பங்குனியில் போய் வந்தார்கள். பேக்கேஜே வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவர்கள் கூட வந்தால் அது வசதிதான். பணம் கட்டுமுன் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: எந்தக் கப்பல், எந்த வகுப்பு? எந்த ஊரில் எத்தனை இரவு? வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு?

அக்கா குடும்பத்துக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இது. திண்டுக்கல்–சென்னை ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நாலு பேருக்குப் போக வர இரண்டாயிரத்து நானூறு. விமானம் நாற்பதாயிரம். ஐந்து இரவுக்கு அறை பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. சாப்பாடு பன்னிரண்டாயிரம். தீவுக் கப்பல்கள் எட்டாயிரம். ஆட்டோ, டாக்சி, வாடகை ஸ்கூட்டர் எட்டாயிரம். பவளப்பாறை பார்க்க, சிறைச்சாலை பார்க்க, பிள்ளைகள் கேட்பதற்கு என்று ஆறாயிரம். கூட்டினால் 88,900. மேலே பத்தாயிரம் தனியாக ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"கப்பல்லயே போனா இன்னும் குறையுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அரசுக் கப்பல் இருக்கிறது. பங்க் வகுப்புக் கட்டணம் விமானத்தைவிடக் குறைவு. ஆனால் ஏறத்தாழ 60 மணி நேரப் பயணம். மாதத்தில் சில தடவைதான் ஓடும், தேதியும் மாறும். ஒரு வாரம் லீவு எடுத்துப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு இது சரிப்படாது. ஓய்வு பெற்றவர்கள், நாள்கணக்கு பார்க்காத இளைஞர்கள் தாராளமாகப் போகலாம். நடுக்கடலில் மூன்று இரவு வாழ்க்கையில் மறக்காது.

பதிவு செய்யும் வரிசை முக்கியம். விமான டிக்கெட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். ரயிலுக்கு 60 நாளைக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் இருக்காதீர்கள், அந்த 60ஆம் நாள் காலை எட்டு மணிக்கே உட்காருங்கள். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை எழும்பூர். அங்கிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். ஐந்நூறு, அறுநூறு கொடுத்து டாக்சி வைக்கத் தேவையே இல்லை. ஒரு எச்சரிக்கை: ரயில் வந்து சேர்வதற்கும் விமானம் கிளம்புவதற்கும் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். ரயில் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டால் இரண்டு பக்கமும் யாரும் பணம் தரமாட்டார்கள்.

ஊர்ப் பெயர்களில் குழம்ப வேண்டாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக், ஸ்வராஜ் தீவு ஆனது. நீல், ஷஹீத் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் என்று அறிவிக்கப்பட்டது. டிக்கெட்டில் ஒரு பெயரும் லாட்ஜ் ரசீதில் வேறு பெயரும் இருக்கலாம், இடம் ஒன்றுதான். நாம் போகிற இந்த மூன்று இடங்களுக்கும் இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. ஆதார் போதும். பிள்ளைகளுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போனதும் முதல் இரவு போர்ட் பிளேர். மாலையில் செல்லுலார் சிறை. 1906இல் கட்டி முடித்தபோது ஏழு கிளைக் கட்டடங்கள். இப்போது மூன்று நிற்கின்றன. பிள்ளைகளை ஒரு கொட்டடிக்குள் ஒரு நிமிடம் நிற்கவிட்டுக் காட்டுங்கள், எதுவும் விளக்கத் தேவையிருக்காது. மறுநாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், இரண்டு இரவு. அடுத்து நீல், ஒரு இரவு. தனியார் கப்பலில் தலைக்கு ஆயிரத்துக்கு மேல். அரசுக் கப்பலில் அதைவிட நன்றாகவே குறையும், நேரம் கொஞ்சம் கூடும். ஒரு வழி தனியார், ஒரு வழி அரசு என்று வைத்துக்கொள்வது என் பழக்கம்.

ஐந்தாவது இரவை, அதாவது விமானத்துக்கு முந்தின இரவை, கட்டாயம் போர்ட் பிளேரில் வையுங்கள். காற்று வலுத்தால் தீவுக் கப்பலை நிறுத்திவிடுவார்கள். நீல் தீவில் காலைக் கப்பலை நம்பி, மதியம் விமானம் என்று வைத்துக்கொண்டவர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் வாங்கும் நாலு விமான டிக்கெட், மொத்தப் பயணத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்கிவிடும்.

அங்கே சூரியன் ஐந்து, ஐந்தரைக்கே மறைந்துவிடும். கடிகாரம் நம்முடையது, தீவு கிழக்கே தள்ளி இருக்கிறது. காலை ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும். விடியலில் மார்க்கெட் போய்ப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது தோதான ஊர். ஹேவ்லாக்கில் ஆறு மணிக்குள் ராதாநகர் கடற்கரையில் நில்லுங்கள். அந்த வெள்ளை மணல் முழுக்க உங்களுக்குத்தான். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும், கூட்டமும் ஏறும். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் கால் நனைக்கவும் வேண்டாம்.

பாஷை பிரச்சினை இல்லை. போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர். ஆட்டோவிலும் கடையிலும் தமிழே போதும். தமிழ் மெஸ்களில் இட்லியும் சாப்பாடும் கிடைப்பதால் சாப்பாட்டுச் செலவு கட்டுக்குள் நிற்கும். பழனி பக்கம் இருந்து போகிறவர்கள் அங்குள்ள வெற்றிமலை முருகன் கோயிலைப் பார்க்காமல் வரமாட்டார்கள். ஹேவ்லாக்கில் எல்லாம் விலை ஏறும். அங்கே போகுமுன் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மையும் செல்போன் சிக்னலையும் நம்பி இறங்க வேண்டாம். சிப்பி, பவளத் துண்டு எதையும் கரையிலிருந்து எடுத்துப் பையில் போடாதீர்கள். பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது; விமான நிலையத்தில் பிடித்தால் குழந்தை எடுத்தது என்று சொல்லித் தப்ப முடியாது. ஜாரவா பழங்குடி மக்களைக் "காட்டுகிறேன்" என்று யாராவது வண்டி பேசினால் இறங்கிவிடுங்கள். மனிதர்களை வேடிக்கை பார்க்கப் போகும் பயணம் நமக்கு வேண்டாம்.

லட்சத்தீவு பற்றியும் கேட்கிறார்கள். கொச்சி நமக்குப் பக்கம்தான், ஆனால் அனுமதிச் சீட்டு வேண்டும், தங்குமிடம் குறைவு. குறைந்த செலவில் போக இன்றைக்கு அது ஏற்றதல்ல.

இந்த ஆண்டு ஒரு லட்சம் புரட்ட முடியாத வீட்டுக்கு ஒன்று சொல்கிறேன். நாலைந்து மணி நேரத்தில் ஒரு தீவு இருக்கிறது. ராமேசுவரம் என்றதும் நமக்குத் திதி, தீர்த்தம், அன்றைக்கே திரும்பும் வேன் மட்டுமே நினைவுக்கு வருகிறது. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு, நனைந்த துணியோடு வண்டி ஏறிவிடுகிறோம். அது பாம்பன் தீவு. மூன்று பக்கமும் போய்ப் பார்க்கக் கடல் இருக்கிறது. இரண்டு இரவு தங்குங்கள், நாலு பேருக்குப் பத்தாயிரத்தில் முடியும்.

பேருந்தில் போனால் திண்டுக்கல் வண்டி மதுரை ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும், ராமேசுவரம் வண்டி மாட்டுத்தாவணியில் நிற்கும். நடுவில் ஆட்டோவுக்கு வேறு அழ வேண்டும். ரயிலில் மதுரை போய், அதே நிலையத்தில் ராமேசுவரம் பாசஞ்சர் ஏறுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் போவீர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களைத் தவிர்த்தால் அறை வாடகை பாதியாகும். தனுஷ்கோடிக்குக் காலையிலேயே கிளம்புங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை சாலையிலேயே போகலாம். அங்கே இறங்கிக் குளிக்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளைத் திரும்பும் வழியில், உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரையில் விடுங்கள். அலை குறைவு, ஆழமும் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் சாப்பிடவென்றே போகிறவர்கள் அந்த இரண்டு மாதம் விட்டுப் போவது நல்லது.

அந்தமான் ஆசை இருந்தால் இப்போதே வங்கியில் ஓராண்டு ஆர்.டி. ஒன்று போடுங்கள். மாதம் எட்டாயிரம். அடுத்த மாசிக்கு முதிர்வதுபோல் கணக்கு வைத்தால் பணம் வரும்போது சீசனும் வரும். விமான டிக்கெட்டுக்கு மட்டும் அதற்கு மூன்று மாதம் முன்பே கைப்பணம் வேண்டும், அதைச் சீட்டு எடுத்தோ போனஸிலோ சமாளித்துக்கொள்ளுங்கள். கடன் அட்டையில் தவணை போட்டு மட்டும் போகாதீர்கள். இன்று ராத்திரி பிள்ளைகளை வைத்துக்கொண்டு காலண்டரில் ஐந்து இரவைச் சுழித்துவிடுங்கள்; லாட்ஜ், கப்பல் எல்லாம் அதற்கப்புறம் பார்க்கலாம்.