கிலோமீட்டர் போதும், வழித்தடம் எதற்கு?

ஓட்டும் தூரத்துக்கு ஏற்பவும் ஓட்டும் விதத்துக்கு ஏற்பவும் கார் இன்சூரன்ஸுக்குப் பிரீமியம் வாங்கலாம் என்று பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு இது. மாதத்துக்கு இரண்டு முறை திருச்சி, முகூர்த்த நாளில் காரைக்குடி, மற்ற நாளெல்லாம் வாசலில் உறை போர்த்தி நிற்பது என்றுதான் டி.என்.55 எண் தாங்கிய பல கார்களின் காலம் போகிறது. ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியும் நாற்பதாயிரம் ஓடும் வண்டியும் ஏன் ஒரே பிரீமியம் கட்டவேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

கூடவே ஒரு தயக்கமும் வருகிறது. போகிற இடமெல்லாம் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே? தள்ளுபடியைப் பற்றியும் அந்தத் தயக்கத்தைப் பற்றியும் புழங்கும் ஆறு நம்பிக்கைகளைக் கணக்கோடு பார்க்கலாம்.

நம்பிக்கை 1: தள்ளுபடி வேண்டுமென்றால் வண்டியில் கருவி மாட்டியே ஆகவேண்டும்.

உண்மை: இரண்டு வேறு திட்டங்களை ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வரும் குழப்பம் இது. ஒன்று, எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்ப்பது. மற்றொன்று, எப்படி ஓட்டினார்கள் என்று பார்ப்பது. இரண்டாவதற்குத்தான் வண்டியில் பொருத்தும் டெலிமேட்டிக்ஸ் கருவியோ, இருப்பிடத்தையும் அசைவையும் அளக்கும் கைப்பேசிச் செயலியோ தேவை. முதலாவதற்கு டாஷ்போர்டில் தெரியும் கிலோமீட்டர் ரீடிங் போதும். பாலிசி எடுக்கும்போது அதைப் படமோ வீடியோவோ எடுத்து அனுப்புவது, கிளெய்ம் வந்தால் சர்வேயர் நேரில் பார்ப்பது என்று இந்த முறையில் இருப்பிடம் எங்குமே நுழைவதில்லை. மின்கணக்கு எடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறார். எந்த அறையில் எத்தனை மணிக்கு விளக்கு எரிந்தது என்று கேட்பதில்லை.

2022-ல் டிஜிட் நிறுவனம் இத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டுகிறவர்களை மனத்தில் வைத்தே கொண்டுவந்தது. நம் ஊர்க் கணக்கு என்ன? புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போய்வர சுமார் 110 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு 2,640. உள்ளூர் ஓட்டத்துக்கு இன்னொரு 3,000 சேர்த்தாலும் 6,000-ஐத் தொடாது. இவருக்குத் திட்டம் பொருந்தும். அதே திருச்சிக்கு ஆண்டில் 250 நாள் காரில் வேலைக்குப் போய்வருகிறவரின் கணக்கு 27,500. அவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நம்பிக்கை 2: குறைவாக ஓட்டினால் பிரீமியம் பாதியாகிவிடும்.

உண்மை: பிரீமியம் என்று கட்டும் தொகையில் இரண்டு பங்கு உண்டு. எதிராளிக்கான தேர்டு பார்ட்டி பங்கு சட்டப்படி கட்டாயம். அதன் விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான தனியார் காருக்கு 3,416 ரூபாய். வண்டி ஓடினாலும் நின்றாலும் இது குறையாது. தூரத் தள்ளுபடி நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பங்கில், அதாவது ‘ஓன் டேமேஜ்’ பகுதியில் மட்டும்தான்.

கணக்குக்கு அந்தப் பகுதி 6,000 ரூபாய் என்றும் தள்ளுபடி 15 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் 11,111 ரூபாயாக இருந்தது 10,049 ஆகும். மிச்சம் 1,062 ரூபாய். விளம்பரத்தில் 15 சதவீதமாகத் தெரிவது கையில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக நிற்கிறது.

இதோடு என்.சி.பி. என்ற நோ கிளெய்ம் போனஸை வைத்துப் பார்க்கவேண்டும். கிளெய்ம் வாங்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45 என்று ஏறி, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆனதும் 50 சதவீதம் ‘ஓன் டேமேஜ்’ பகுதியில் குறைகிறது. இதற்குக் கருவியும் வேண்டாம், செயலியும் வேண்டாம். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாமல் இருப்பதே பலருக்குக் கருவி தரும் தள்ளுபடியைவிடப் பெரிய சேமிப்பு.

நம்பிக்கை 3: நிற்கிற வண்டிக்கு ஆபத்து இல்லை, தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் போதும்.

உண்மை: 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய நாளை இந்த மாவட்டம் மறக்காது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நிறுத்திவைத்த கார்மேல் மரம் விழுந்தால் அந்த இழப்பை ஈடுகட்டுவது ‘ஓன் டேமேஜ்’ பகுதிதான்; தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. திருட்டும் தீயும் வெள்ளமும் அப்படியே. தூரம் குறைந்தால் சாலை விபத்துக்கான வாய்ப்பு குறையும். புயலுக்கான வாய்ப்பு குறையாது.

இதனால்தான் தூரத் திட்டத்தில் ஒரு நிபந்தனையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்: வாங்கிய கிலோமீட்டர் தீர்ந்தபின் என்ன ஆகும்? சில திட்டங்களில் பாலிசி முடியும்வரை முழுக் காப்பும் தொடரும். வேறு சிலவற்றில் கூடுதல் கிலோமீட்டர் வாங்கும்வரை ‘ஓன் டேமேஜ்’ காப்பு நின்றுவிடும். 5,000 வாங்கியவர் வேளாங்கண்ணி, பழனி, கன்னியாகுமரி என்று ஒரு கோடை விடுமுறையைக் காரிலேயே கழித்துவிட்டு மழைக்காலத்தில் காப்பில்லாமல் நிற்கக் கூடாது.

நம்பிக்கை 4: ஒழுங்காக ஓட்டுகிறவர் கண்காணிப்புக்கு ஏன் பயப்படவேண்டும்?

உண்மை: அளக்கும் கருவிக்கு ஒழுங்கு தெரியாது, திடீர் பிரேக், திடீர் வேகம், வளைவில் திருப்பும் விதம், ஓட்டும் நேரம், கைப்பேசிப் பயன்பாடு இவைதான் தெரியும். ஆவுடையார்கோவில் சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வரும்போது அழுத்திப் பிரேக் பிடிப்பவர் நல்ல ஓட்டுநர். செயலியின் பதிவில் அது ஒரு குறை. இரவுப் பயணத்தை ஆபத்தாக எண்ணும் திட்டத்தில், விராலிமலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துத் திரும்புகிறவருக்கு எத்தனை கவனமாக ஓட்டினாலும் மதிப்பெண் குறையலாம். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்தாலும், அவர்தான் ஓட்டினார் என்று கைப்பேசிச் செயலி எண்ணிக்கொள்வதும் உண்டு.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிய பாடம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் ‘ஸ்மார்ட் டிரைவர்’ என்ற வசதியை வைத்திருந்தது. அதில் சேர்ந்த தகவல் லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெரிஸ்க் என்ற தரவு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போனதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. பிரீமியம் 21 சதவீதம் ஏறிய ஒருவர் காரணம் தேடியபோது கையில் கிடைத்தது 258 பக்க அறிக்கை. ஆறு மாதங்களில் அவர் குடும்பம் மேற்கொண்ட 640 பயணங்களின் தொடக்க நேரம், முடிந்த நேரம், தூரம், பிரேக் பிடித்த விவரம் எல்லாம் அதில் இருந்தன. தகவலை விற்பதை ஜெனரல் மோட்டார்ஸ் அதே மாதம் நிறுத்தியது. சில கார்களின் இருப்பிடத்தை மூன்று விநாடிக்கு ஒரு முறைகூடப் பதிவு செய்ததாகக் குற்றம்சாட்டிய அமெரிக்க வர்த்தக ஆணையம், இத்தகைய தகவலை அந்தத் தரவு நிறுவனங்களுக்குக் கொடுக்க ஐந்தாண்டுத் தடை விதிக்க 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. அந்தக் கார்களை ஓட்டியவர்களில் பலர் தாங்கள் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டதையே அறிந்திருக்கவில்லை.

ஓட்டும் விதத்தை அளப்பதில் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய மகனோ மகளோ ஓட்டும் வீட்டில், போனைத் தொட்டால் மதிப்பெண் போகும் என்ற நினைப்பே ஒரு உயிரைக் காக்கலாம். அந்தப் பயனுக்காகத் தெரிந்தே சேர்வது நல்ல முடிவு. ஆயிரம் ரூபாய்க்காகப் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்துவது வேறு.

நம்பிக்கை 5: ஃபாஸ்டேக் இருக்கிறதே, எல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான்.

உண்மை: காரைக்குடி சாலையில் லெம்பலாக்குடி சுங்கச்சாவடியைக் கடந்தது எத்தனை மணிக்கு என்று ஃபாஸ்டேக் சொல்லும். அதற்குப் பிறகு வண்டி எந்த மருத்துவமனை வாசலில் நின்றது, எந்த வக்கீல் வீட்டுக்குப் போனது, எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனது என்று அதற்குத் தெரியாது. தொடர்ந்து பதிவாகும் இருப்பிடத் தகவலுக்கு இவையெல்லாம் தெரியும். வண்டியை மனைவியோ தம்பியோ ஓட்டினால், சம்மதம் கொடுக்காத அவர்களின் பயணமும் சேர்ந்தே பதிவாகும்.

நம்பிக்கை 6: ஒரு முறை சம்மதித்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

உண்மை: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் வழியில் வந்த 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமே என்றும், கொடுத்தது எத்தனை எளிதோ அத்தனை எளிதாக அதைத் திரும்பப் பெற வழி இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன; முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். அதுவரை கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு. என்ன தகவல் எடுக்கிறீர்கள், எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், வேறு யாருக்குக் கொடுப்பீர்கள், மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறுமா, விலகினால் பழைய தகவல் அழிக்கப்படுமா? இந்தக் கேள்விகளுக்கு ஏஜென்டின் வாய்ச்சொல் போதாது. மின்னஞ்சலில் பதில் வாங்க வேண்டும்.

கிளெய்ம் தகராறுக்கு முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தரவேண்டும். முப்பது நாளில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் இலவச எண் 155255.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இன்னும் ஒன்று செய்யலாம், செய்யவும் வேண்டும். தூரத்துக்கான தள்ளுபடியை இருப்பிடம் கேட்காமல், ரீடிங் படத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு வழங்கும் வழியை ஒவ்வொரு நிறுவனத்தின் விண்ணப்பத்திலும் தனி வரியாகவும், தமிழிலும் அச்சிடச் சொல்லவேண்டும். அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ பாலிசி புதுப்பிக்கும் ஒருவர், தன் மிச்சம் எவ்வளவு, அதற்காகத் தருவது என்ன என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்து முடிவெடுக்க அந்த ஒரு வரி போதும்.